விண்வெளியில் எரிபொருள் நிரப்பிய கதை



2022இல் எரிபொருள் வரிசையில் காத்திருந்த எமக்கு, நல்ல வாகனமும் டேங்க் காலியானால் நின்றுவிடும் என்பது தெரியும். செய்மதிகளும் அப்படித்தான். கருவிகள் பழுதில்லாமல் இருந்தாலும், எரிபொருள் தீர்ந்தால் பாதையைச் சரிசெய்ய முடியாது. பெருஞ்செலவில் அனுப்பியது வீணாகிறது.

வானிலேயே நிரப்பினால் என்ன? 1978 பெப்ரவரியில் சோவியத் ஒன்றியம் அதைச் செய்தது. ஆளில்லாத புரோகிரஸ்-1 விண்கலம், சல்யூட்-6 நிலையத்துக்கு எரிபொருள் கொண்டுபோனது. எடையில்லாத இடத்தில் திரவம் தாங்கியின் அடியில் தங்காது, வாயுவோடு கலந்து மிதக்கும். அதனால் இரண்டையும் பிரித்துவைத்து, நைதரசன் வாயுவின் அமுக்கத்தால் தள்ளினார்கள். 1977இல் ஏவிய அந்த நிலையம் 1982 வரை பூமியைச் சுற்றியது.

இன்றைய சவால் இன்னும் பெரியது. சந்திரனுக்குப் போகும் பெரிய கலங்களுக்குத் தேவையான திரவ ஒட்சிசன் கொதிப்பது மறை 183 பாகை செல்சியஸில். சூரிய வெப்பம் பட்டால் ஆவியாகிவிடும்.

நிரப்புவதற்கு முன் இரு கலங்கள் இணைய வேண்டும். அயல்நாடான இந்தியா 2025 ஜனவரி 16இல், ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் தலா 220 கிலோ எடையுள்ள இரு செய்மதிகளை இணைத்து, இதைச் சாதித்த நான்காவது நாடானது. ஏப்ரலில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மின்சாரமும் கொடுத்தது. எரிபொருள் கொடுப்பது அடுத்த படி.

விஞ்ஞானப் பாடத்தில் அமுக்கமும் ஆவியாதலும் எதற்கு என்று கேட்கும் எமது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்போம்.