பழைய கமெராவும் புதிய வில்லையும்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறும் மலைப்பாதையிற் காற்றும் மூடுபனியும் மாறிமாறி ஆட்சிபுரியும். அங்கே படச்சுருட் கமெராவுடன் செல்வோன் கையிலுள்ளவை 36 படங்களே. நேர்ந்த பிழையை அவன் மலையிறங்கிச் சுருளைக் கழுவிய பின்னரே அறிவான். ஆதலின், டிஜிட்டல் காலத்து வில்லையும் பிளாஷும் பழைய கமெராவிற்குப் பொருந்துமா என்னும் வினா அவனுக்கு வீண் ஆராய்ச்சியன்று.

ஈழத்து ஒளிப்படக் கலைஞருள் முதன்மை பெற்ற லயனல் வென்ட் (1900–1944) கையாண்ட லைக்காவின் வில்லைகள் திருகிப் பூட்டப்படுவன. 1954இல் அந்நிறுவனம் வேறு பூட்டு முறைக்கு மாறியபோது, பழையவற்றை ஏற்க ஒரு வளையத்தையும் உடன் வழங்கிற்று. இன்றைய டிஜிட்டல் லைக்காவுக்கென வார்த்த வில்லையை 1954இன் எம்3 கமெராவிலும் மாட்டலாம். கனன் நிறுவனமோ 1987இற் பூட்டையே மாற்றி, தன் பழைய கமெராக்களைக் கைவிட்டது.

நிக்கோனின் கதை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. 1959இன் பூட்டு பெயரளவில் இன்றும் நிலைத்துள்ளது. ஆயினும் 2000 முதல் வந்த வில்லைகள் பலவற்றில் ஒளித்துளையை மாற்றும் வளையம் இல்லை. அத்தகைய வில்லையைப் பழைய கமெராவிற் பூட்டினால், படமெடுக்கும் கணத்தில் துளை மிகச் சிறிய அளவுக்கு ஒடுங்கிவிடும். ரிவர்ஸ்டன் மூடுபனியிற் படம் இருண்டே கிடைக்கும். சிறிய உணரிக்கென ஆக்கப்பட்ட வில்லையோ 36க்கு 24 மில்லிமீற்றர்ச் சட்டத்தின் மூலைகளைக் கருக்கிவிடும். பூட்டுப் பொருந்தியதே போதுமென்று நம்பியவர் ஏமாந்தனர்.

பிளாஷில் நிலைமை தலைகீழானது. சில பழைய பிளாஷ்கள் 200 வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தொடுமுனையில் செலுத்தி, டிஜிட்டல் கமெராவைக் கெடுக்கவல்லன. புதிய பிளாஷின் அழுத்தம் சிறிதாதலின் பழைய கமெராவுக்கு அதனால் தீங்கில்லை. ஆனால் தன்னியக்கம் கைகொடாது. 1975இன் ஒலிம்பஸ் ஓஎம்-2, படச்சுருளிற் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து பிளாஷை நிறுத்திற்று. டிஜிட்டல் பிளாஷோ திரை திறக்குமுன் ஒரு முன்னொளி வீசிக் கணக்கிடுவது. இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியா.

எனவே கைக்கணக்கே கதி. வழிகாட்டி எண் 32 மீற்றராயின், 100 வேகச் சுருளில் எஃப்/8இல் நான்கு மீற்றர் தொலைவு கிடைக்கும். ஒளியை நாலிலொன்றாகக் குறைத்தால் இரண்டு மீற்றர். நிக்கோன் எஃப் போன்ற கமெராவில் திரையின் வேகம் 1/60 விநாடியை மிஞ்சலாகாது. மிஞ்சினால் படத்தின் ஒரு பகுதியே ஒளிபெறும்.

இன்னொரு இடர் ரிவர்ஸ்டனுக்கே உரியது. கமெராவின் மேலிருந்து வீசும் ஒளி, வில்லையின் முன் மிதக்கும் நீர்த்துளிகளிற் பட்டு வெண்புள்ளிகளாகத் திரும்பும். பிளாஷை நீண்ட வடத்தினால் இணைத்து, துணைவர் ஒருவர் பக்கத்தே தள்ளி ஏந்தி நின்றால் அப்புள்ளிகள் பெரிதும் குறையும்.