முப்பத்திரண்டு வாசல்கள்

1710-ஆம் ஆண்டு. ஜெர்மனியின் ஹாலே நகரப் பள்ளியில் பத்து வயதுப் பையன் ஒருவன் கொண்டுவந்து விடப்பட்டான். பெயர் நிக்கோலாஸ் சின்சென்டார்ஃப். பிரபு குலத்துப் பிள்ளை. பிறந்த ஆறாவது வாரத்தில் தகப்பன் போய்ச் சேர்ந்தார். தாய் மறுமணம் செய்துகொண்டு போனாள். பாட்டியின் மடியில் வளர்ந்தான். பள்ளியை நடத்திய ஃபிராங்கேயின் சாப்பாட்டு மேசையில் உட்காரும் பாக்கியம் அவனுக்கு வாய்த்தது. தரங்கம்பாடி என்ற கடற்கரை ஊரில் சீகன்பால்க் என்ற இளைஞர் தமிழ் கற்று, தமிழில் பிரசங்கம் செய்துகொண்டிருந்த செய்திகள் கடிதங்களாக அந்த மேசைக்கு வந்தன. 1715-இல் சீகன்பால்க்கே விடுப்பில் ஹாலேவுக்கு வந்தார். பையன் தோழர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கம் தொடங்கினான். அதற்கு வைத்த பெயர் கடுகு விதை. உலகத்தின் கடைக்கோடிவரை போவது என்று அவர்களுக்குள் பேச்சு. ஆனால் குடும்பத்தார் அவனுக்கு எழுதிவைத்த வழி வேறாக இருந்தது.

சட்டம் படிக்க வைத்தார்கள். டிரெஸ்டன் அரண்மனையில் உத்தியோகம் பார்க்க வைத்தார்கள். பாட்டியிடமிருந்து வாங்கிய பெர்தெல்ஸ்டார்ஃப் பண்ணையில் அமைதியாக ஒரு கிறிஸ்தவக் குடும்பம் நடத்துவதோடு அவருடைய கனவு சுருங்கிவிட்டது என்றே தோன்றியது. அந்தச் சமயத்தில்தான் ஒரு தச்சர் வந்து சேர்ந்தார்.

கிறிஸ்டியன் டேவிட் அவர் பெயர். சிறுவயதில் ஆடு மேய்த்தவர். ஊர் ஊராகச் சுற்றித் தச்சு வேலை செய்தவர். மொரேவியாவில் சீர்திருத்தவாதி ஜான் ஹஸ் வழிவந்த விசுவாசிகள் சிலர் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வாழ்ந்தார்கள். வேதாகமத்தை மறைத்து வைத்தார்கள், ஜன்னலை மூடிக்கொண்டு ஜெபித்தார்கள். அவர்கள் ஒண்ட ஓர் இடம் கிடைக்குமா என்று தச்சர் கேட்டார். பிரபு சரி என்றார். கேட்டவருக்கு அது வாக்கு. சொன்னவர் அதை அநேகமாக மறந்தே போனார். 1722 மே மாதக் கடைசியில் ஓர் இரவு, கத்தி செய்யும் நைசர் குடும்பத்தார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, வீடு வாசலை அப்படியே விட்டுவிட்டு எல்லை கடந்தார்கள்.

அவர்களுக்குக் கிடைத்தது சதுப்பும் புதரும் மண்டிய காட்டுநிலம். ஜூன் 17 அன்று கிறிஸ்டியன் டேவிட் முதல் மரத்தில் கோடரியைப் போட்டார். பிரபு அப்போது ஊரில்கூட இல்லை. டிசம்பரில் ஒரு மாலை, புது மனைவியுடன் அந்த வழியாக வண்டியில் வந்தபோது, ஆளில்லாத காட்டுக்குள் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. யாரென்று கேட்டார். அகதிகள் என்றார்கள். இறங்கி, உள்ளே போய், அவர்களோடு முழங்கால்படியிட்டு ஜெபித்துவிட்டுப் போனார். அந்தக் குடியிருப்புக்கு ஹெர்ன்ஹூட் என்று பெயர் வந்தது. கர்த்தருடைய காவல் என்று பொருள். ஆனால் வெளிப்பகையிலிருந்து தப்பி வந்தவர்களுக்குள் வேறொரு பகை முளைத்தது.

ஐந்து ஆண்டுகளில் ஊர் சுமார் முந்நூறு பேராகப் பெருகியது. லூத்தரன், சீர்திருத்த சபையார், மொரேவியர், இன்னும் பல கொள்கைக்காரர்கள். நம்பிக்கைக்காக வீட்டையே விட்டு வந்தவர்கள் இவர்கள். ஓர் எழுத்தை விட்டுக்கொடுக்கச் சொன்னால் கேட்பார்களா? உபதேசத்தில் சண்டை, ஆராதனை முறையில் சண்டை. இடம் கொடுத்த பிரபுவையே வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகம் என்று ஒருவர் பட்டம் கட்டினார். முதல் மரத்தை வெட்டிய கிறிஸ்டியன் டேவிட்டும் ஊரோடு கோபித்துக்கொண்டு வெளியே போனார். தள்ளி ஒரு குடிசை போட்டு, தனக்கென்று தனிக் கிணறு வெட்டிக்கொண்டார். ஊர்த் தண்ணீரையும் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு மனம் முறிந்துவிட்டது. ஹெர்ன்ஹூட்டின் கதை அந்தக் கிணற்றடியிலேயே முடிந்திருக்க வேண்டியது.

1727-இல் சின்சென்டார்ஃப் டிரெஸ்டனில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊரோடு வந்து தங்கினார். மேடை ஏறிக் கண்டிக்கவில்லை. வீடு வீடாகப் போனார். உட்கார்ந்தார். கேட்டார். மே 12 அன்று எல்லாரும் ஓர் உடன்படிக்கைக்கு ஒப்புக்கொண்டார்கள். பன்னிரண்டு மூப்பர்களைத் தெரிந்தெடுத்தபோது, தனிக் கிணறு வெட்டிய தச்சரும் அவர்களில் ஒருவராக இருந்தார். ஆகஸ்டு 13, புதன்கிழமை, பெர்தெல்ஸ்டார்ஃப் ஆலயத்தில் திருவிருந்து. ஒருவரை ஒருவர் பார்க்கப் பிடிக்காதிருந்தவர்கள் அழுதார்கள், கட்டிக்கொண்டார்கள். இரண்டு வாரம் கழித்து இருபத்துநான்கு ஆண்களும் இருபத்துநான்கு பெண்களும் நாளின் ஒவ்வொரு மணி நேரத்தையும் பங்கிட்டுக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சங்கிலி நூறு ஆண்டுகளுக்கு மேல் அறாமல் நீண்டது. ஆனாலும் ஒரு சிக்கல் பாக்கியிருந்தது.

புதன்கிழமைக்குப் பிறகு வியாழக்கிழமை வந்தே தீரும். தறி ஓட வேண்டும், பால் கறக்க வேண்டும், பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும். ஆலயத்தில் அழுத கண், அடுப்படிக்கு வந்ததும் காய்ந்துவிடும். ஜெப வீரர்கள் ஊருக்கு நாற்பத்தெட்டுப் பேர். மற்றவர்களின் சாதாரண நாளுக்குள் தேவன் எந்த வாசல் வழியாக நுழைவார்? நேரம் கிடைக்கும்போது ஜெபிக்கலாம் என்பவருக்கு நேரம் ஒருநாளும் கிடைப்பதில்லை. விசுவாசிகள் எல்லாக் காலத்திலும் திணறிய இடம் இதுதான். இதற்கு ஹெர்ன்ஹூட்டில் விடை கிடைத்தது யாரும் திட்டமிடாத ஒரு மாலை வேளையில்.

1728 மே 3, திங்கட்கிழமை. வேலை முடிந்து, வழக்கம்போலப் பாடல் கூட்டத்துக்குச் சபை கூடியிருந்தது. கூட்டம் கலைகிற நேரத்தில் சின்சென்டார்ஃப் சிறிய வரி ஒன்றைச் சொன்னார். வேதவசனம்கூட அல்ல, ஒரு ஞானப்பாட்டின் அடி. நாளைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி கொடுத்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பெயர் போர்க்களத்துப் பெயர். இரவில் காவல் நிற்கும் படைவீரன், இருட்டில் வருபவன் நம்மவனா என்று அறிய அன்றன்றைக்கு ஓர் அடையாளச் சொல் உண்டு. ஜெர்மன் மொழியில் அது லோசுங். கர்த்தருடைய காவல் என்று பெயர் வைத்த ஊருக்கு, காவலுக்குரிய சொல் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டத்துக்கு வராத கிழவிக்கும் நோயாளிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் அந்தச் சொல் எப்படிப் போய்ச் சேரும்?

அன்று ஊரில் இருந்தவை முப்பத்திரண்டு வீடுகள். மறுநாளிலிருந்து, பொழுது விடிந்ததும் சகோதரர் ஒருவர் புறப்பட்டார். ஒவ்வொரு கதவையும் தட்டினார். அன்றைய சொல்லைச் சொன்னார். அதோடு திரும்பிவிடவில்லை, வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தார். சொல் உள்ளே போயிற்று, வீட்டின் சங்கதி வெளியே வந்தது.

இந்தக் கதையில் என் மனம் நின்றுபோகிற இடம் அந்தக் கதவடி. நேற்றுவரை முகம் கொடுத்துப் பேசாத வீடுகள் அந்த முப்பத்திரண்டில் இருந்தன. சொல்லைச் சுமந்து போகிறவர், மனத்தாங்கல் உள்ள வாசலை மட்டும் தாண்டிப் போக முடியாது. அங்கேயும் தட்ட வேண்டும், அதே வரியைத்தான் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவரும், பிடிக்காத அண்டைவீட்டுக்காரன் வாயால் வந்த வசனத்தை நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். தேவனோடு தனித்திருக்க நேரம் ஒதுக்குவது என்றால் உலகத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது என்றே நினைக்கிறோம். இங்கே கதவு திறந்தது. தறியில் உட்கார்ந்தபடி, மாவு பிசைந்தபடி, மர வேலை செய்தபடி ஊர் முழுவதும் அன்று ஒரே வரியை மென்றது. மாலையில் சந்தித்தபோது பேசுவதற்கு எல்லாரிடமும் ஒரே பொருள் இருந்தது. ஆனால் ஊர் அந்த முப்பத்திரண்டு வீட்டுக்குள் அடங்கி இருக்கவில்லை.

ஹெர்ன்ஹூட்காரர்கள் டென்மார்க்குக்கும் இங்கிலாந்துக்கும் தூது போகத் தொடங்கியிருந்தார்கள். வழியில் சத்திரத்தில் படுத்திருப்பவனுடைய கதவைக் காலையில் யார் தட்டுவது? 1731-ஆம் ஆண்டுக்கு ஒரு வழி பிறந்தது. ஓர் ஆண்டு முழுவதற்குமான வரிகளை முன்கூட்டியே தொகுத்துச் சிறு புத்தகமாக அச்சிட்டார்கள். சட்டைப்பைக்குள் அடங்குகிற வாசல் அது. அந்த ஆண்டே சின்சென்டார்ஃப் கோபன்ஹேகனுக்குப் போனார். அங்கே அந்தோன் என்ற கறுப்பின அடிமை, மேற்கிந்தியத் தீவில் தன் சகோதரியும் சகோதரனும் சுவிசேஷம் கேட்க ஏங்குவதைச் சொன்னார். ஹாலே மேசையில் விழுந்த கடுகு அப்போதுதான் வெடித்தது.

1732 ஆகஸ்டில் டோபர் என்ற குயவரும் நிட்ச்மன் என்ற தச்சரும் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் புறப்பட்டார்கள். மறு ஆண்டு கிரீன்லாந்துப் பனிக்குப் போன மூவரில் ஒருவர், வேறு யாருமல்ல, கிறிஸ்டியன் டேவிட். தனிக் கிணற்றுக்காரர் பனிக்கட்டியை உருக்கிக் குடிக்கப் போனார். 1736-இல் சாக்சனி அரசு சின்சென்டார்ஃபை நாடு கடத்தியது. பல ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்தார். ஆண்டுக்கு ஆண்டு புத்தகம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

1760 மே 9 அன்று அவர் ஹெர்ன்ஹூட்டில் கண்மூடினார். அதே ஆண்டு, அவருடைய சகோதரர்கள் சிலர் கடல் கடந்து ஒரு துறைமுகத்தில் இறங்கினார்கள். அது தரங்கம்பாடி. பத்து வயதில் சாப்பாட்டு மேசையில் கேட்ட ஊர்ப்பெயர். அவர்கள் அதன் அருகே போட்ட குடியிருப்புக்குச் சகோதரர் தோட்டம் என்று பெயர். அங்கிருந்து நிக்கோபார் தீவுகளுக்குப் போனவர்கள் பலர் காய்ச்சலில் மாண்டார்கள். அந்தப் பணி நிலைக்கவில்லை. தொடங்கியவர் போய்விட்டார், தூரத்து முளைகள் சில கருகிவிட்டன. புத்தகமும் அத்தோடு நின்றிருக்கலாம்.

நிற்காததற்கு ஒரு காரணம், அது யாருடைய தனிப்பட்ட தெரிவிலும் தொங்கவில்லை. வசனங்களைச் சீட்டுப்போட்டு எடுக்கும் பழக்கம் சபையில் ஊன்றியிருந்தது. ஒரு காலத்தில் கல்யாணத்துக்குக்கூடச் சீட்டுப் போட்டார்கள். அதைப் பின்னாளில் கைவிட்டது நல்லதே. வசனத்துக்கான சீட்டு மட்டும் நிலைத்தது. பிரசங்கியாருக்குப் பிடித்த வசனம், காலத்துக்கு ஏற்ற வசனம் என்று எதுவும் இல்லை. கைக்கு வந்தது வரும். இன்ன நாளில் யாரைக் குத்தும் என்று சீட்டு எடுத்தவருக்கே தெரியாது. 1939-இல் அது ஒரு மனிதரைக் குத்தியது.

டீட்ரிஷ் போன்ஹோஃபர், ஹிட்லரை எதிர்த்த இளம் இறையியலாளர். நண்பர்கள் அவரைப் பத்திரமாக நியூயார்க்குக்கு அனுப்பி வைத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, வேலையும் தயார். ஆனால் அந்த ஜூன் மாதம் அவரால் தூங்க முடியவில்லை. அன்றாட வசனப் புத்தகம் கையில் இருந்தது. விசுவாசிக்கிறவன் ஓடமாட்டான் என்ற பொருள்பட ஏசாயாவில் வரும் வரி எதிர்ப்பட்டது. இன்னொரு நாள் வேதம் வாசிக்கையில், குளிர்காலத்துக்கு முன் வந்து சேரும்படி பவுல் தீமோத்தேயுவை அழைக்கும் இடம் கண்ணில் பட்டது. பவுல் யாருக்கோ எழுதியது; ஆனால் போன்ஹோஃபரின் நாட்குறிப்பில் அது அவரைப் பின்தொடர்ந்தது. ஜூலையில் கப்பல் ஏறி ஜெர்மனிக்கே திரும்பினார். சிறையிலும் அன்றன்றைய வரிகளை விடாமல் வாசித்தார். 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். சரியாக ஒரு மாதத்தில், வரிகள் பிறந்த ஊருக்கும் முறை வந்தது.

போரின் கடைசி நாள். மே 8, 9 தேதிகளில் சோவியத் படை புகுந்தபோது ஹெர்ன்ஹூட்டின் நடுப்பகுதி தீப்பிடித்தது. சபைக் கூடம் சுவர்களாக நின்றது. பிறகு நாடே இரண்டாகக் கிழிந்தது, ஹெர்ன்ஹூட் கிழக்கில் மாட்டிக்கொண்டது. ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் அம்மாவும் அந்தப் பக்கம் மகளும் காலையில் திறந்த பக்கத்தில் ஒரே வரி இருந்தது. காவல்காரர்கள் நிற்கிற எல்லையைத் தாண்டிப் போகக் காவல் சொல்லுக்குத் தெரிந்திருந்தது.

லோசுங்கன் என்று ஜெர்மானியர் சொல்லும் நீல அட்டைச் சிறு புத்தகம் அதுதான். 1731 முதல் ஆண்டு தவறாமல் வந்துகொண்டிருக்கிறது; இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வருகிறது. நாளுக்கு ஒரு வசனம் என்ற பழக்கம் உலகெங்கும் பல ஊற்றுகளிலிருந்து வந்தது. ஆனால் அச்சில் இவ்வளவு நீண்ட காலம் அறாமல் ஓடிய நூல் இது. நம் வீடுகளில் சுவரில் தொங்கும் தினவசன நாட்காட்டியும், பழைய ஆண்டு முடியும் நள்ளிரவு ஆராதனையில் தட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் வாக்குத்தத்த அட்டையும், விடிந்ததும் கைப்பேசியில் வந்து விழும் வசனமும் அதன் உறவுக்காரர்கள். அடுப்பில் பால் பொங்குவதற்குள், நாட்காட்டித் தாளைக் கிழித்து, கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்து, உதடு அசைய வாசித்துவிட்டு, முந்தானையில் அதை முடிந்துகொள்ளும் பாட்டிமார் எத்தனையோ பேர். அவர்களுக்கு அது தேவனுக்கென்று ஒதுக்கிய நேரம்.

ஹெர்ன்ஹூட்டில் ஆண்டுக்கு ஒருமுறை இன்றும் சீட்டு எடுக்கிறார்கள். பழைய ஏற்பாட்டிலிருந்து தொகுத்த சுமார் 1,800 வசனங்கள், எண்ணிட்ட சீட்டுகளாக. ஜெபித்துவிட்டு, ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக எடுத்து எழுதிக்கொள்கிறார்கள். அதற்குத் துணையாகப் புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றைப் பின்னர் தேடிச் சேர்க்கிறார்கள். மொழிபெயர்க்கவும் அச்சிடவும் அவகாசம் வேண்டும் என்பதால், எடுப்பது மூன்று ஆண்டு கழித்து வரப்போகிற நாட்களுக்கு. ஒரு கை பாத்திரத்துக்குள் போகிறது. ஒரு சீட்டு வெளியே வருகிறது. ஒருவர் தேதியை எழுதுகிறார். இன்னும் வராத ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமையின் கதவு அப்போது தட்டப்படுகிறது.