தாலி கட்டும் நேரத்துக்கு எந்தக் கேமரா?

நம் விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கம் கல்யாண போட்டோ தொழிலில் இறங்கும் பையன்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தக் கேமரா வாங்கலாம்?" வீட்டு நகையை அடகு வைத்தோ, வங்கியில் கடன் வாங்கியோ, சில லட்சங்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். இது இன்று நேற்று பிறந்த கேள்வி இல்லை. நம் தாத்தா காலத்து ஸ்டூடியோக்காரரும் இதே கேள்வியோடுதான் நின்றார். அவரவர் காலத்தில் என்ன பதில் கண்டார்கள் என்று பார்த்தால், இன்றைக்கு முதல் போடுகிறவருக்கும் உபயோகமாக இருக்கும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் கேமரா லென்ஸுக்கு 'ஒப்ஜெக்தீஃப்' என்று பெயர். நோக்கம், குறிக்கோள் என்பதற்கும் அதே சொல்தான். லென்ஸை எடுக்கும் முன் நோக்கத்தை முடிவு செய் என்று மொழியே சொல்வதாக வைத்துக்கொள்ளலாம். கல்யாணப் படத்தின் நோக்கம் என்ன? தாலி ஏறுவது ஒரு தடவைதான். "இன்னொரு முறை கட்டுங்கள்" என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியாது. மற்ற எல்லாப் படத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

படக்கலை உலகத்துக்குப் பொதுவானது பாரிஸில், 1839 ஆகஸ்ட் 19 அன்று. தாகேர் கண்டுபிடித்த முறையைப் பிரெஞ்சு அரசாங்கம் வாங்கி, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று அறிவித்தது. இங்கிலாந்தில் மட்டும் ஐந்து நாள் முந்தியே காப்புரிமை வாங்கி வைத்துவிட்டார்கள்! நம் பக்கத்துக்குப் பெரிய அளவில் கேமரா வந்தது 1858-ல். சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக இருந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் அந்த வருஷம் மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படம் எடுத்தார். மெழுகு பூசிய காகிதம்தான் அவருடைய நெகட்டிவ். வெளிச்சம் பதிய நெடுநேரம் ஆகும். கோயில் தூண் பொறுமையாக நிற்கும், கல்யாணக் கூட்டம் நிற்குமா?

அதன் பிறகு கண்ணாடித் தகடு வந்தது. முதலில் ஈரம் காயும் முன்பே கழுவ வேண்டிய தகடு. 1871-ல் மேடாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர் தகட்டுக்கு வழி காட்டினார். அது கடைக்கு வந்த பிறகுதான் ஊர் ஊராக ஸ்டூடியோ வைக்க முடிந்தது. அந்தக் காலத்துக் கல்யாணப் படம் என்றால் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். சடங்கெல்லாம் முடிந்த பின் பொண்ணும் மாப்பிள்ளையும் நாற்காலியில் உட்கார்ந்தோ நின்றோ, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்த படம். யாரும் சிரிக்காமல் இருந்ததற்குக் கோபம் காரணம் இல்லை. அசைந்தால் தகடு வீண், தகடு வீணானால் காசு வீண்.

விடியற்கால முகூர்த்தத்துக்கு வெளிச்சம் எங்கே போவது? 1887-ல் ஜெர்மனியில் மியெத்தே, கேடிக்கே என்ற இருவர் அதற்கு ஒரு பொடி செய்தார்கள். மக்னீசியம், பொட்டாசியம் குளோரேட், ஆன்டிமனி சல்பைடு கலந்தது. பற்றவைத்தால் கண்ணைப் பறிக்கும் ஒளி, பின்னாலேயே புகை. சிவகாசிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். தீக்குச்சித் தலையில் இருப்பதும் அதே பொட்டாசியம் குளோரேட்தான். 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்து தொடங்கிய தீப்பெட்டித் தொழிலுக்கும் போட்டோ வெளிச்சத்துக்கும் இப்படி ஒரு பங்காளி உறவு உண்டு. ஆபத்திலும் பங்காளிதான். பொடியைக் கையாண்டு தீக்காயம் பட்ட போட்டோக்காரர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். 1930-ஐ ஒட்டிக் கண்ணாடி பல்புக்குள் அடைத்த பிளாஷ் வந்ததும் பொடி மெல்ல மறைந்தது.

சாத்தூருக்குத் தெற்கே கோவில்பட்டியில் ஓவியர் கொண்டைய ராஜு (1898–1976) இருந்தார். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிய கை அது. அவர் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகிக் காலண்டராக வீடு வீடாகத் தொங்கின. அந்தக் காலத்து ஸ்டூடியோக்களின் பின்னால் தொங்கிய மாளிகைத் தூணும் பூந்தோட்டமும் நாடகத் திரைச்சீலையின் சொந்தக்காரர்கள்தான். அன்றைய முதலீட்டில் கேமரா ஒரு பங்கு என்றால் திரைச்சீலை, நாற்காலி, இருட்டறை எல்லாம் சேர்ந்து பெரிய பங்கு.

அடுத்த மாற்றம் இரட்டைக் கண் கேமரா. 1929-ல் ஜெர்மனியின் ரோலிஃப்ளெக்ஸ், பின்னால் ஜப்பானின் யாஷிகா, மாமியா. என் வயதுக்காரர்களின் கல்யாணத்தை எடுத்தவை பெரும்பாலும் இவைதான். வயிற்றுப் பக்கம் வைத்துக் குனிந்து பார்க்கும் பெட்டி. கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். 120 ரோலில் சதுரமாகப் பன்னிரண்டு படம். மூன்று ரோலில் ஒரு கல்யாணம் முடிந்துவிடும், எனவே எப்போது அமுக்குவது என்று தெரிந்தவரே போட்டோக்காரர்.

இந்தப் பெட்டியை அவர்கள் விரும்பியதற்குத் தொழில் காரணம் ஒன்று உண்டு. இதில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் எந்த வேகத்திலும் பிளாஷ் ஒத்துழைக்கும். 1976-ல் வந்த பென்டாக்ஸ் கே1000 போன்ற 35 எம்.எம். கேமராவில் ஷட்டர் திரைபோல ஓடும். நொடியில் அறுபதில் ஒரு பங்குக்கு மேல் வேகம் வைத்தால் பிளாஷ் வெளிச்சம் படம் முழுக்க விழாது. ஓலைப் பந்தலுக்குப் பின்னால் பத்து மணி வெயில் அடிக்க, முகம் இருட்டாக நிற்கும் மணப்பெண்ணை எடுத்துப் பார்த்தவருக்கு இதன் அருமை தெரியும்.

வெளிநாட்டுக் கேமராவுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடும் பெரிய வரியும் இருந்த காலம் அது. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் உறவுக்காரர் கையிலோ, சென்னை பர்மா பஜாரிலோ வாங்க வேண்டும். பழுதானால் யார் பார்ப்பார் என்று கேட்ட பிறகே வாங்குவார்கள். பிலிமுக்கு மட்டும் நம்மிடம் பதில் இருந்தது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-ல் தொடங்கி 1967-ல் உற்பத்திக்கு வந்தது. தொழில்நுட்பம் கொடுத்தது பிரான்சின் 'போஷே' நிறுவனம். 'இந்து' என்ற பெயரோடு வந்த கருப்பு வெள்ளை பிலிமையும் காகிதத்தையும் இந்தத் தலைமுறை பார்த்திருக்காது.

கலரும் 35 எம்.எம்.மும் பரவிய பிறகு ஒரு ரோலில் முப்பத்தாறு படம். கழுவுவது கலர் லேப் கைக்குப் போனது, ஊர் ஸ்டூடியோவின் இருட்டறை வேலையிழந்தது. அப்போதும் நல்ல போட்டோக்காரர் பிளாஷ் கணக்கை மனப்பாடமாக வைத்திருந்தார். பிளாஷின் எண் 80 என்றால், ஆள் பத்தடி தூரத்தில் நின்றால், எண்பதைப் பத்தால் வகுத்து எஃப் 8. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் பாதியாகாது, கால்பங்காகும். பின்வரிசையில் நிற்கும் பெரியப்பா படத்தில் கருத்துப்போவது இதனால்தான்.

இப்போது டிஜிட்டல். 2008-ல் நிக்கான் டி90, கேனான் 5டி மார்க் 2 இரண்டும் போட்டோ கேமராவிலேயே வீடியோவையும் கொடுத்தன. பிலிம் செலவு போயிற்று, ஆனால் தாலி கட்டும் நேரம் மாறவில்லை. கார்டு கெட்டால் அந்தக் கல்யாணமே போயிற்று. ஆகவே இன்றைக்கு விலை உயர்ந்த ஒரே கேமராவைவிட, நடுத்தரத்தில் இரண்டு கேமரா மேல். இரண்டிலும் ஒரே லென்ஸ் மாட்ட முடிய வேண்டும். ஒரே படம் இரண்டு கார்டில் ஒருசேரப் பதியும் வசதி முக்கியம். பிளாஷ் இரண்டு, பேட்டரி தாராளமாக. சிறிய சென்சார் கேமராவில் 50 எம்.எம். லென்ஸ் 75 எம்.எம். போல நடந்துகொள்ளும் என்பதால், நம் ஊர் நெருக்கடியான மண்டபத்துக்கு அகலமாகப் பார்க்கும் லென்ஸ் ஒன்று அவசியம். இதற்கெல்லாம் பிறகு மிச்சமிருக்கும் பணத்தில் டிரோன் பற்றி யோசிக்கலாம்.

விருதுநகர் வியாபாரிக்குத் தெரிந்த கணக்கு ஒன்றும் இதில் உண்டு. கல்யாணம் முகூர்த்த நாளில் மட்டும் வரும், வங்கித் தவணை மாதா மாதம் வரும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, புரட்டாசியையும் பலர் தவிர்க்கிறார்கள். வருஷத்துக்கு நாலைந்து நாள் மட்டும் வேலை செய்யும் பெரிய லென்ஸை வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். தினமும் கையில் இருப்பதைத்தான் சொந்தமாக வாங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்த படத்தை எங்கே வைப்பது? பழைய ஸ்டூடியோக்களில் கண்ணாடித் தகடுகளைக் கழுவி, கண்ணாடியாக விற்றதுண்டு. எத்தனையோ குடும்பங்களின் பாட்டி முகம் அப்படித்தான் போயிற்று. தப்பியவற்றைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் தேடி, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். 1880 முதல் 1980 வரையிலான நூறு வருஷத்துத் தமிழ் முகங்கள் அவை.

தகடாவது கண்ணுக்குத் தெரிந்தது. ஹார்ட் டிஸ்க் சத்தமில்லாமல் செத்துப்போகும். ஆகவே தொழில் தொடங்குகிறவர் பட்டியலில், கேமராவுக்குப் பக்கத்திலேயே இரண்டு ஹார்ட் டிஸ்க்கையும் எழுதிக்கொள்ளட்டும். ஒன்று கடையில், இன்னொன்று வேறு வீட்டில். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பென் டிரைவோடு நின்றுவிடாமல், முக்கியமான ஐம்பது படத்தையாவது தாளில் அச்சடித்து வாங்கிக்கொள்ளுங்கள். பேரன் பேத்தி பார்க்கும்போது அதற்குக் கரண்டும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம்.