ஜமீன் போயாச்சு... பாதிப்பு போகலையா? 200 ஆண்டு பழைய நிலவரி முறை இன்றைய மாவட்டங்களைப் பாதித்தது எப்படி?

ஜமீன்தாரி முறை ஒழிந்து 70 ஆண்டுகளாகிவிட்டன. ஆனால் ஆங்கிலேயர் காலத்தில் நிலவரியை யார் வசூலித்தார்கள் என்பது, சுதந்திரத்துக்குப் பிறகும் மாவட்டங்களின் விளைச்சலையும் கல்வியையும் பாதித்திருக்கிறது. எப்படி?

இரண்டு முறைகள் என்ன?

1793-ல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் வங்காளம், பீகாரில் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஜமீன்தார் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய தொகை மாறாது. குடியானவரிடம் எவ்வளவு கறப்பது என்பது பெரும்பாலும் ஜமீன்தார் கையில்தான்.

சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் கதை வேறு. தாமஸ் மன்றோ 1820-ல் கவர்னரான பிறகு ரயத்துவாரி முறை பரவியது. நடுவில் ஆள் கிடையாது. பட்டாதாரரே அரசுக்குக் கிஸ்தி கட்டுவார். ராமநாதபுரம், சிவகங்கை போன்ற ஜமீன்கள் விதிவிலக்கு.

ஆய்வு சொல்வது என்ன?

2019-ல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, லட்சுமி ஐயருடன் சேர்ந்து 2005-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதன்படி, ஜமீன்தாரி இல்லாத மாவட்டங்களில் கோதுமை விளைச்சல் சராசரியாக 23 சதவீதம் அதிகம். பச்சிளம் குழந்தை இறப்பு 40 சதவீதம் குறைவு.

மண்வளம் காரணமாக இருக்கலாமே?

இல்லை என்கிறது ஆய்வு. ஜமீன்தாரி பகுதிகளில் மண்வளமும் மழையும் குறைச்சல் இல்லை. எந்த முறை என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தது, அந்தப் பகுதி ஆங்கிலேயர் கைக்கு வந்த காலம். 1820 முதல் 1856 வரை பிடிபட்ட இடங்களில் பெரும்பாலும் ஜமீன்தாரி இல்லை. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, அவத் பகுதியில் பெரும் நிலக்கிழார்கள் பக்கமே அரசு சாய்ந்தது.

முறை போன பிறகும் பாதிப்பு ஏன்?

விளைந்ததை ஜமீன்தார் கொண்டுபோவார் என்றால் குடியானவர் கிணறு வெட்ட மாட்டார். நிலக்கிழாருக்கும் உழுபவருக்கும் இடையிலான பகையும் ஆழமாக வேரூன்றியது. சுதந்திரத்துக்குப் பிறகு அங்கெல்லாம் அரசியல், நிலச் சீர்திருத்தச் சண்டையிலேயே சுழன்றது. மற்ற பகுதிகள் பாசனம், உரம், பள்ளி, மருத்துவமனை என்று கேட்டு வாங்கின. 1960-களில் பசுமைப் புரட்சி வந்ததும் இடைவெளி இன்னும் பெருகியது.

அப்போ ரயத்துவாரி நல்லதா?

அப்படியும் சொல்ல முடியாது. வரிச்சுமை கடுமையாக இருந்தது. பட்டா கிடைத்தது நிலம் இருந்தவர்களுக்குத்தான். கூலிக்கு உழைத்தவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஜமீன்தாரியைச் சட்டத்தால் ஒழிக்க முடிந்தது. அந்த மாவட்டங்களுக்கு வராமல் போன பாசனமும் பள்ளிக்கூடமும் சட்டத்தோடு சேர்ந்து வந்துவிடவில்லை.