ஆட்சியும் ஆவணமும்: சுராபாயா நகரக் கம்போங்குகளின் கதை

ஓர் உரிமையை நிறுவ ஆட்சி, ஆவணம், சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றை வேண்டுவது தமிழர் கண்ட வழக்கு முறை. திருவெண்ணெய்நல்லூர் அவையில் நிகழ்ந்த வழக்கைப் பெரியபுராணத்தில் பயின்றோர் இதனை நன்கறிவர். இம்மூன்றும் ஒருவர் பக்கமே நின்றால் வழக்கிற்கு இடமில்லை. ஆட்சி ஒருவரிடமும் ஆவணம் வேறொருவரிடமும் இருந்தால் என்ன நிகழும்? இந்தோனேசியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாகிய சுராபாயாவின் குடியிருப்புகள் நூறாண்டுகளுக்கும் மேலாக இக்கேள்விக்குள்ளேயே வாழ்ந்து வந்துள்ளன. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொன்னாற்றங்கரை நகரம்

நம் பழைய இலக்கியம் சாவகம் எனக் குறிக்கும் ஜாவாத் தீவின் கிழக்குப் பகுதிக்குத் தலைநகரம் சுராபாயா. மதுரா நீரிணையை நோக்கி ஓடும் காலி மாஸ் என்னும் ஆற்றின் கரையில் அது வளர்ந்தது. 'மாஸ்' என்பதற்குப் பொன் என்பது பொருள். ஆதலின் அதனைப் பொன்னாறு எனலாம். டச்சுக்காரர் ஆட்சியில் ஆற்றின் மேற்கே ஐரோப்பியரும், கிழக்கே சீனரும் அராபியரும் மலாயரும் தனித்தனித் தெருக்களில் அமர்த்தப்பட்டனர். 15ஆம் நூற்றாண்டில் சுனன் அம்பெல் என்னும் இசுலாமியப் பெரியார் வாழ்ந்த இடமும் அக்கீழைக் கரையிலேயே உள்ளது.

19ஆம் நூற்றாண்டில் சர்க்கரை ஏற்றுமதி நகரத்தைப் பெருக்கியது. 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது மக்கள் தொகை ஏறத்தாழ 3,40,000. இவர்களுள் பெரும்பாலோர் வாழ்ந்த இடம் கம்போங். மலேசியத் தமிழர் 'கம்பம்' என வழங்குவதும் இச்சொல்லையே. பெருந்தெருவின் கல்வீடுகளுக்குப் பின்னே, ஒருவர் பின் ஒருவராகச் செல்லத்தக்க சந்துகளில் நெருங்கி நின்ற மூங்கில் வீடுகளே அன்றைய கம்போங். துறைமுகக் கூலிகளும் தையற்காரரும் சிறுவணிகரும் கீழ்நிலை எழுத்தர்களும் அங்கே குடியிருந்தனர். சந்தின் முகப்பில் நிற்கும் வளைவுக்குக் 'கபுரா' என்று பெயர்; நம் கோபுரமும் அதுவும் ஒருவேர்ச் சொற்கள். அந்நாட்டு மொழியில் கப்பல் 'காப்பல்'; வணிகர் இடும் முதல் 'மோடல்'. கடல்வழி சென்ற நம் சொற்கள் அவை.

நிலத்தோடு விற்கப்பட்ட மக்கள்

நகரைச் சூழ்ந்திருந்த நிலங்களுட் பல, காலனி அரசால் ஐரோப்பியருக்கும் சீனருக்கும் விற்கப்பட்டவை. 'தனியார் நிலங்கள்' எனப்பட்ட இவற்றில், மண்ணோடு மண்ணில் வாழ்ந்தோர்மீதான அதிகாரமும் கைமாறியது. வரி தண்டவும், விளைவில் பங்கு கொள்ளவும், ஊழியம் வாங்கவும் நிலக்கிழாருக்கு உரிமை இருந்தது. தலைமுறை தலைமுறையாக உழுது வாழ்ந்தவன் தன் வாசலிலேயே குடிக்கூலிக்காரன் ஆனான். 1910களில் இக்குடிகள் தண்டலையும் ஊழியத்தையும் மறுத்துக் கிளர்ந்தெழுந்தனர்.

1906ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சுராபாயா நகராட்சி தோன்றியது. குபெங், கெதாபாங், டார்மோ முதலிய பகுதிகளில் ஐரோப்பியருக்கென அகன்ற சாலைகளும் தோட்ட வீடுகளும் எழுந்தன. நகராட்சியே தனியார் நிலங்களை விலைக்கு வாங்கியபோது, அவற்றின்மேல் இருந்த கம்போங்குகளும் உடன் வந்தன. நிலக்கிழார் மாறினார், குடிகளின் நிலை மாறவில்லை. பின்னாளில் எழுந்த வழக்குகளுக்கெல்லாம் இதுவே வித்து என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பெனெலே ஏழாம் சந்து

கம்போங் வீடு எத்துணைச் சிறியதாயினும் அது வெறும் உறைவிடம் அன்று, பிழைப்புக்கு வழியுமாகும். முன்னறை கடையாகும், பின்னறை வாடகைக்குப் போகும். இதற்குப் புகழ்பெற்ற சான்று, பெனெலே ஏழாம் சந்தில் உள்ள வீடு. சரேகத் இஸ்லாம் இயக்கத்தின் தலைவர் சொக்ரோஅமினோத்தோ அதில் வாழ்ந்தார். அவர் மனைவியார் சுஹார்சிகின் மாணவர்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டுக் குடும்பச் செலவிற்குத் துணைநின்றார். அவ்வாறு தங்கியோருள் ஒருவர், அந்நகரிலேயே 1901ஆம் ஆண்டு பிறந்தவரும் பிற்காலத்தில் குடியரசின் முதல் தலைவருமான சுகர்ணோ. தமக்குக் கிடைத்த அறை சன்னலற்றது, இருண்டது என்று அவரே தம் வரலாற்றில் கூறியுள்ளார். பொதுவுடைமையாளர் மூசோ, இசுலாமிய அரசுக்காகப் படை திரட்டிய கார்த்தோசுவிர்யோ ஆகியோரும் சொக்ரோஅமினோத்தோவின் இல்லத்தில் உருவானவர்களே. ஓர் இல்லத்தரசி தன் குடும்பத்தை நடத்தும் பொருட்டு விட்ட அறைகளில் ஒரு நாட்டின் முரண்பட்ட எதிர்காலங்கள் வளர்ந்தன.

போர்க்காலமும் பின்னரும்

ஜப்பானியர் ஆட்சியில், 1944ஆம் ஆண்டு, அண்டை வீடுகள் சிறு குழுக்களாகத் தொகுக்கப்பட்டன. கண்காணிப்பிற்கும் உணவுப் பங்கீட்டிற்கும் ஏற்பட்ட அவ்வமைப்பே பின்னர் 'ருக்குன் தெத்தாங்கா' என்னும் அண்டையர் அமைப்பாக நிலைத்தது. அதே ஆண்டில் காலமானார் லுட்ருக் நாடகக் கலைஞர் சக் துராசிம். லுட்ருக் கம்போங் மக்களின் மேடை. 'பாரிக்கான்' என்னும் ஈரடிப் பாட்டு அதன் உயிர். புறாக்கூட்டைப் பாடத் தொடங்கி ஜப்பானியர் கொடுமையில் முடியும் ஈரடி ஒன்றிற்காக அவர் சிறைப்பட்டார் என்பது அந்நகரத்தார் மறவாத செய்தி. இரண்டு அடிக்கு அரசு அஞ்சியது என்பதனைக் கவிஞர் பெருமக்கள் எண்ணிப் பார்க்கலாம்.

1945ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் தொடங்கிய பெரும்போரில், பிரித்தானியக் கொடியின்கீழ் வந்த இந்தியப் படைப்பிரிவுகள் நகரைத் தாக்கின. மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினர். திரும்பியோரும், அவர்களோடு நாட்டுப்புறத்திலிருந்து வந்தோரும் 1950களில் வெற்றிடம் கண்ட இடமெல்லாம், கல்லறை நிலங்களையும் விடாது, குடிசை அமைத்தனர். 1958ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் நிலங்களை ஒழித்தது. 1960ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் வந்த வேளாண் அடிப்படைச் சட்டம் நாட்டின் நில உரிமைகளை ஒருங்கே வகுத்தது. அதே ஆண்டில் மற்றொரு சட்டம், இசைவின்றிப் பிறர் நிலத்தில் இருப்பதைக் குற்றமாக்கியது. ஒரு கை கொடுத்ததை மறு கை தடுத்தது எனலாம்.

மேம்பாடு வந்தது, உரிமை வரவில்லை

1969ஆம் ஆண்டு நகராட்சி கம்போங் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. நாட்டுப் பண்ணை இயற்றி 1938ஆம் ஆண்டு அந்நகரில் மறைந்த சுப்ரத்மானின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பாதைக்கும் வடிகாலுக்கும் வேண்டிய சிமெண்டுப் பலகைகளை நகராட்சி தரும். உழைப்பையும் பொருளில் ஒரு பகுதியையும் மக்கள் தரவேண்டும். சந்து அகல வேண்டுமாயின் இருமருங்கிலும் உள்ளோர் தம் முகப்பைத் தாமே பின்னிழுத்துக் கொண்டனர். கட்டடக் கலைஞர் யோஹான் சீலாஸ் இத்திட்டத்திற்கு நெடுங்காலம் வழிகாட்டினார். 1986ஆம் ஆண்டு, கெபாலென் கம்போங்கில் நிகழ்ந்த மேம்பாடு, கட்டடக் கலைக்கான ஆகாகான் விருதினைப் பெற்றது. அதே ஆண்டில் நகரின் நடுவே துஞ்சுங்கான் பிளாசா என்னும் பெரும் அங்காடியும் திறக்கப்பட்டது. இவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளைக் காட்டின. சந்தைச் செப்பனிட்ட திட்டம் சந்தின் மண்ணுக்குப் பட்டா வழங்கவில்லை. நகர்நடு நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே சென்றது.

பச்சைச் சீட்டு

கம்போங்கில் ஆவணங்கள் பலவகை. முழு உரிமைச் சான்று உடையோர் ஒரு சாரார். 'பெத்தோக் டி' என்னும் பழைய நிலவரிச் சீட்டையே உரிமைக்கு ஆதாரமாகப் போற்றுவோர் மற்றொரு சாரார். பழைய காலனி நகராட்சியின் நிலங்களில் வாழ்வோரிடம் இருப்பதோ 'சூரத் இஜோ', அதாவது பச்சைச் சீட்டு. அது நிலத்தைப் பயன்படுத்த நகராட்சி தரும் இசைவு மட்டுமே. 40,000க்கும் மேற்பட்ட மனைகள் இவ்வகையின. இவற்றில் வாழ்வோர் நிலவரியோடு நகராட்சிக்குத் தனிக் கட்டணமும் செலுத்த வேண்டும். 'ஒரே மண்ணுக்கு இருமுறை செலுத்துகிறோம்' என்பது அவர்தம் முறையீடு. 'நகரத்தின் பொதுச்சொத்தை விலையின்றி எவ்வாறு விடுவது?' என்பது நகராட்சியின் மறுமொழி. இரண்டிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2014ஆம் ஆண்டில் அந்நிலங்களை விலைக்கு விடுவிக்க ஒரு நகர விதி இயற்றப்பட்டது. ஆயினும் மூதாதையர் மேடாக்கிய மண்ணைச் சந்தை விலைக்குத் தாமே வாங்குவதைப் பலர் ஏற்கவில்லை.

1997ஆம் ஆண்டின் நிலப்பதிவு விதி ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. 20 ஆண்டுகளோ அதற்கு மேலோ நல்லெண்ணத்தோடு தொடர்ந்து நிலத்தை ஆண்டவர், நம்பத்தக்கோர் சாட்சியத்தின் துணையோடு ஆவணமின்றியும் பதிவு கோரலாம். ஆட்சியும் சாட்சியும் சேர்ந்து ஆவணத்தின் இடத்தை நிரப்பலாம் என்பதே இதன் பொருள். ஆயினும் நகராட்சி தனதென்று கூறும் மண்ணில் இவ்வழி எளிதில் திறப்பதில்லை.

நிறைவாக

ஆற்றோரத்தில் வாழ்ந்தோர் 2002ஆம் ஆண்டின் வெளியேற்றத்திற்குப் பின் அமைப்பாகத் திரண்டனர். தம் வீடுகளை ஆற்றிலிருந்து பின்னிழுத்துக் கரையில் பாதை அமைத்தனர். 2007ஆம் ஆண்டின் மாநில விதி ஒன்று அவர்கள் அங்கே வாழ்வதற்கு ஓரளவு இடமளித்தது. எனினும் 2009ஆம் ஆண்டு ஜாகிர் கரையில் நூற்றுக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. அண்டையர் சாட்சி நின்றும் ஆவணம் வென்ற இடம் அது.

சுராபாயாவின் சந்துகளில், வண்டியின் இயந்திரத்தை அணைத்துத் தள்ளிச் செல்லும்படி அறிவிப்புப் பலகைகள் உண்டு. கூட்டாகச் சந்தைத் துப்புரவு செய்தலும், 'அரிசான்' என்னும் சீட்டுப் பிடித்தலும் வழக்கம். இவை சட்டம் இட்ட கட்டளைகள் அல்ல. இடத்தைத் தமதென்று கருதுவோரே இவ்வாறு பேணுவர். நிலத்தின் விலையை உயர்த்தியது வணிகம் மட்டும் அன்று; பாதை போட்டு, நீர் வடித்து, அண்டையரோடு ஒத்து வாழ்ந்த குடிகளின் உழைப்புமாகும். அவ்வுழைப்பை ஏட்டில் எப்பெயரிட்டு எழுதுவது என்பதே சுராபாயாவின் தீராத வழக்கு. தீர்ப்பு எழுதுவோர் ஆவணத்தை மட்டும் விரித்துப் பாராமல், ஆட்சியையும் அயலார் சாட்சியையும் உடன்வைத்து நோக்கினாலன்றி அது தீராது.