அப்பாவை லிமிடெட் ஆக்கின கதை

"ஏன்டா, தேதி பார்க்கக்கூட எனக்கு அதிகாரம் இல்லையா?"

2004-ல் அப்பா கேட்ட கேள்வி. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கங்க. ரிட்டயர் ஆன பணத்தில் அவர் வாங்கிப் போட்ட அசெம்பிள்டு பொட்டி, உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி. அதில் நான் கம்ப்யூட்டர் அட்மினிஸ்ட்ரேட்டர், அப்பா லிமிடெட் யூசர். வைரஸ் வராம இருக்க இதுதான் வழின்னு எங்கேயோ படிச்சுட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை அவர் மத்தியானத் தூக்கத்தில் இருக்கும்போது நான் செஞ்ச வேலை. காசு போட்டவர் அவர், அதிகாரம் என் கையில்.

ஏதோ ஒரு கல்யாணத் தேதி என்ன கிழமைன்னு பார்க்க, கீழே வலது மூலையில் இருக்கிற கடிகாரத்தை டபுள் கிளிக் பண்ணியிருக்கார். நேரத்தை மாற்ற உங்களுக்குப் போதுமான அதிகாரம் இல்லைன்னு பொட்டி முகத்தில் அடிச்ச மாதிரி சொல்லிடுச்சு. அவர் நேரத்தை மாத்தவே வரலை. ஆனா எக்ஸ்பியில் காலண்டர் பார்க்கிறதும் கடிகாரத்தைத் திருத்துறதும் ஒரே ஜன்னல். திருத்த உரிமை இல்லாதவருக்குப் பார்க்கவும் கிடையாது.

அதோட போச்சா? தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வெச்சிருந்த காலம் அது. எழுத்துரு நிறுவணுமா, அட்மின் வேணும். எ-கலப்பை நிறுவணுமா, அதுக்கும் அட்மின் வேணும். ஒவ்வொண்ணுக்கும் "டேய், இங்க வந்துட்டுப் போ".

யாருடா இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடிச்சதுன்னு எரிச்சலில் தேட ஆரம்பிச்சதுதான், இன்னிக்கு வரைக்கும் எனக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

தேடினா, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் போய் நிக்குது. 1961-ல் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பைச் செயல்படுத்திக் காட்டினாங்க. அறையை அடைச்சு நிக்கிற, லட்சக்கணக்கான டாலர் இயந்திரம். அதைப் பல பேர் ஒரே நேரத்தில் பங்கு போட்டுக்கணும். என் கோப்பில் நீ கை வைக்கக் கூடாது, என் நேரத்தை நீ செலவழிக்கக் கூடாது. அதுக்காக வந்ததுதான் பயனர் கணக்கும் பாஸ்வேர்டும். முன்பின் தெரியாத திருடனுக்காகக் கட்டினது இல்லை, பக்கத்து சீட்டுக்காரருக்காகக் கட்டின சுவர்.

சுவர் எழும்பின சூட்டோட ஓட்டையும் போட்டாச்சு. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் ஒதுக்கீடு. பத்தலை. 1962-ல் பாஸ்வேர்டு கோப்பை அச்சடிச்சுக் கொடுன்னு ஒரு பஞ்ச் கார்டில் கேட்டார். இயந்திரமும் சமர்த்தா அச்சடிச்சுக் கொடுத்துடுச்சு. கால் நூற்றாண்டு கழிச்சுத்தான் ஆள் ஒத்துக்கிட்டார். 1966-ல் இன்னொரு கூத்து: ஒரு குளறுபடியில், உள்ளே நுழையும்போது வரவேற்புச் செய்தி வர வேண்டிய இடத்தில் எல்லாருடைய பாஸ்வேர்டும் வரிசையா வந்து நின்னுது.

அடுத்து 1969-ல் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் தொடங்குது. கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சொந்தக்காரர். படிக்க, எழுத, இயக்கன்னு தனித்தனி அனுமதி. இதில் எனக்கு ரொம்பப் பிடிச்சது ரிச்சியின் ஒரு யோசனை. பாஸ்வேர்டு கோப்பில் எழுத ரூட்டுக்கு மட்டும்தான் உரிமை. ஆனா அவனவன் பாஸ்வேர்டை அவனவன் மாத்திக்கணுமே? அதுக்குன்னு இருக்கிற சின்ன நிரலுக்கு ஒரு குறி வெச்சார். அதை யார் இயக்கினாலும், அது ஓடுற நேரத்துக்கு மட்டும் அதன் சொந்தக்காரரின் அதிகாரம் அதுக்குக் கிடைக்கும். பேங்க் பெட்டக அறைக்குள்ள நம்மளை விட மாட்டாங்க. கவுண்ட்டரில் சலானை நீட்டினா கேஷியர் நம்ம பணத்தை மட்டும் எண்ணிக் கொடுப்பார் இல்லையா, அது மாதிரி. 1973-ல் விண்ணப்பிச்சு 1979-ல் காப்புரிமை வாங்கினார். அப்பாவின் கடிகாரத்துக்கு வேண்டியிருந்தது இந்த மாதிரி ஒரு கவுண்ட்டர்தான்.

நிற்க. வீட்டுக் கணினி இந்தப் பரம்பரையில் வரவே இல்லை. 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் டாஸ். எதிரில் உட்கார்ந்தவர்தான் ராஜா. அதன் கோப்பு அமைப்பில் சொந்தக்காரர் பெயர் எழுத இடமே கிடையாது. விண்டோஸ் 95 பாஸ்வேர்டு கேட்கும், எஸ்கேப் தட்டினா உள்ளே விட்டுடும் (கேட்கிறது ஒரு மரியாதைக்குத்தான்!). இன்னொரு பக்கம், டெக் நிறுவனத்திலிருந்து வந்த டேவ் கட்லர் தலைமையில் 1993-ல் விண்டோஸ் என்.டி. வந்தது. அதில் சுவர், கதவு, பூட்டு எல்லாம் ஒழுங்கா உண்டு. ஆனா அது ஆபீஸ்காரர்களுக்கு.

2001 அக்டோபரில் எக்ஸ்பி, என்.டி.யை வீட்டுக்குள் கொண்டுவந்தது. சுவர் வந்துடுச்சு, ஆனா சுவரே இல்லாத வீட்டில் வளர்ந்த மென்பொருள்கள் பழைய பழக்கத்தில் கண்ட இடத்திலும் எழுதும். லிமிடெட் கணக்கில் பாதி கேம் ஓடாது. அதனால் நிறுவும்போது உருவாக்குற கணக்கு எல்லாமே அட்மின், பாஸ்வேர்டு கிடையாது. பூட்டை வாங்கி மாட்டிட்டு சாவியைப் பூட்டிலேயே விட்டு வெச்ச கதை.

நானும் அதைத்தான் செஞ்சேன். அப்பா முகத்தைப் பார்க்க முடியாம ஒரே மாசத்தில் அவரையும் அட்மின் ஆக்கிட்டேன். அடுத்த ரெண்டு மாசத்தில் பிரவுசரில் 5 டூல்பார், தானா டயல் பண்ற மோடம், கடைசியில் பொட்டி எழும்பவே இல்லை. ஃபார்மட் பண்ணினேன். என் பாட்டும் படமும் டி டிரைவில் பத்திரம். அப்பா கணக்கின் மை டாக்குமெண்ட்ஸ் சி டிரைவில் இருந்தது. எங்க ஊர்க் கதையையும் தாத்தா கதையையும் ஒத்தை விரலால் தட்டித் தட்டி, 40 பக்கம் போல அதில் சேர்த்து வெச்சிருந்தார். அவர் தட்டுறதை தினமும் பார்த்தவன் நான். எங்கே சேமிக்கிறார்னு ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

"பரவால்லடா"ன்னார். அப்புறம் ஒரு லாங் சைஸ் நோட்டில் பேனாவால் முதல்லேர்ந்து ஆரம்பிச்சார். முன்னாடி எழுதினதில் பாதி ஞாபகம் வரலைன்னு அம்மாகிட்ட சொன்னது என் காதில் விழுந்தது.

2007 ஜனவரியில் விஸ்டா வீடுகளுக்கு வந்தப்போ ஊரே திட்டுச்சு. அட்மினா இருந்தாலும் எதைத் தொட்டாலும் திரையை இருட்டாக்கி அனுமதி கேட்கும். பயனரை எரிச்சல்படுத்தத்தான் அதை வெச்சோம்னு மைக்ரோசாஃப்ட்டின் டேவிட் கிராஸ் 2008-ல் ஒரு பாதுகாப்பு மாநாட்டில் வெளிப்படையாவே சொன்னார். பயனர் கத்தினாத்தான் மென்பொருள் எழுதுறவன் திருந்துவான்கிற கணக்கு. முரட்டு வைத்தியம்தான், ஆனா பலிச்சுது. 2009-ல் விண்டோஸ் 7 வந்தபோது கேள்விகளையும் குறைச்சாங்க. விஸ்டாவில் ரெண்டு சின்ன மாற்றம் யார் கண்ணிலும் படலை: 'லிமிடெட்' என்ற பெயர் போய் 'ஸ்டாண்டர்டு' ஆச்சு. காலண்டர் பார்க்கிறதையும் நேரம் மாத்துறதையும் தனித்தனியா பிரிச்சுட்டாங்க.

2008 கடைசியில் விஸ்டா போட்ட புதுப் பொட்டி வாங்கினோம். இந்தத் தடவை அப்பாவைக் கேட்டுட்டு, அவரை ஸ்டாண்டர்டு ஆக்கினேன். வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையா மூலையில் இருந்த கடிகாரத்தைத் தட்டினார். அந்த மாசம் முழுசும் விரிஞ்சு நின்னுது.

"இதுல விடுறானேடா"ன்னார்.