வில் வாங்கிய கதை

சட்டை தைக்க வேண்டுமானால் அளவு கொடுக்க வேண்டும். செருப்பு வாங்கக் காலை நீட்ட வேண்டும். வில் வாங்குவதற்கும் உடம்பை அளந்து கொடுக்க வேண்டும் என்பது எனக்கு வெகு காலம் வரையில் தெரியாது. தெரிந்துகொண்டது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள என் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான். வில் கொண்டு மான் வேட்டையாடுவதற்கென்று 1934-ம் ஆண்டிலேயே தனிப் பருவம் ஒதுக்கிய மாநிலம் அது.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தச்சர். இணையத்தின் மூலம் ஒரு வேட்டை வில்லை வரவழைத்திருந்தார். ஊரில் இருக்கும் கடையைவிட விலை சகாயம். வாசலிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஒரு வாரம் பழகினார். அம்பு குறியைத் தொடவில்லை. நாண் மட்டும் அவருடைய முன்கையைத் தவறாமல் தொட்டது. கை கன்றிப் போயிற்று. கடைசியில் வில்லைத் தூக்கிக்கொண்டு உள்ளூர்க் கடைக்கே புறப்பட்டார். வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன்.

கடைக்காரர் வயதானவர். வில்லை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "சுவரோடு ஒட்டி நின்று இரண்டு கைகளையும் விரியுங்கள்" என்றார். விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளந்தார். 70 அங்குலம். அதை இரண்டரையால் வகுத்தார்.

"உங்கள் இழுப்பு 28 அங்குலம். இந்த வில்லை 30 அங்குலத்துக்கு முடுக்கியிருக்கிறார்கள். இது உங்கள் வில் இல்லை, ஐயா. வேறு யாருடைய வில்லோ!" என்றார்.

அந்தப் பேச்சு என்னைச் சரித்திரப் புத்தகங்களைப் புரட்ட வைத்தது.

1911-ல் கலிபோர்னியாவில், ஓரோவில் என்ற ஊருக்கு அருகே, காட்டிலிருந்து தன்னந்தனியாக ஒரு மனிதர் வெளிப்பட்டார். யாஹி இனத்தாரில் அவர் ஒருவரே மிச்சம். 'இஷி' என்று அவரை அழைத்தார்கள். அவருக்கு வைத்தியம் பார்த்த ஸாக்ஸ்டன் போப் என்ற டாக்டர், அவரிடமே வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். இஷியிடம் அளவுகோல் கிடையாது. நீட்டிய கையிலிருந்து எதிர்ப்பக்கத்து இடுப்பு வரை எவ்வளவு தூரமோ, அவ்வளவுதான் வில்லின் நீளம். அவருடைய வில் அவருடைய உடம்பிலேயே பிறந்தது.

இங்கிலாந்திலும் இதே கவலை இருந்திருக்கிறது. பிற்காலத்தில் எலிஸபெத் ராணியான சிறுமிக்கு ஆசிரியராக இருந்த ரோஜர் ஆஸ்கம், 1545-ல் வில் வித்தையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வில் கடைக்குள் நுழைந்தால் எதைப் பார்த்துப் பொறுக்க வேண்டும், எந்தக் கணுவும் கீறலும் இருந்தால் வேண்டாம் என்று ஒதுக்க வேண்டும், வாங்கியதும் வெளியே கொண்டுபோய் எய்து பார்ப்பது எப்படி என்றெல்லாம் அதில் சொல்லிக் கொடுக்கிறார். விற்பவன் வார்த்தையை மட்டும் நம்பி வாங்காதே என்பதே அதன் சாரம்.

அப்படியானால், கையில் எடுத்தே பார்க்காமல் வாங்கும் வழக்கம் எப்போது வந்தது? 1872-ல் சிகாகோ நகரத்தில் மான்ட்கோமரி வார்டு என்பவர் 163 சாமான்களின் பெயரை ஒரே தாளில் அச்சிட்டு நாட்டுப்புறத்து விவசாயிகளுக்கு அனுப்பினார். பின்னால் ஸியர்ஸ் ரோபக் கம்பெனி தடித்த புத்தகமாகவே ஜாபிதா போட்டது. 1896-ல் கிராமத்து வீடுகளுக்குத் தபால் நேரே வர ஆரம்பித்தது. 1913-ல் பார்சல் தபாலும் வந்தது. ஊசி முதல் உழவுக் கருவி வரை வீடு தேடி வந்தது. உள்ளூர் வியாபாரிகள் கொதித்தெழுந்தார்கள். சில ஊர்களில் அந்தப் புத்தகங்களைத் திரட்டித் தீ மூட்டினார்கள். புத்தகத்தைக் கொண்டுவந்து போடும் குழந்தைகளுக்குப் பரிசுகூட உண்டு!

அந்த வியாபாரிகளுக்காக அனுதாபப்படுவதற்கு முன்னால் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தென் மாநிலங்களில் கறுப்பர் ஒருவர் கடைக்குப் போனால், வெள்ளையர் எல்லோரும் வாங்கிப் போகும் வரை காத்து நிற்க வேண்டும். கேட்ட சரக்கு கிடைப்பதும் கடைக்காரர் மனம் வைத்தால்தான். தபாலில் வந்த புத்தகத்துக்குத் தோலின் நிறம் தெரியாது. எல்லோருக்கும் ஒரே விலை, ஒரே சரக்கு. முகம் பார்க்காமல் விற்பதில் இப்படி ஒரு நியாயம் இருந்தது. முகம் பார்ப்பவர்கள் எல்லோரும் அன்போடு பார்ப்பதில்லையே!

ஆனால் வில் விஷயம் அதோடு முடியவில்லை. மிஸௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலெஸ் வில்பர் ஆலன் என்பவர் வில்லின் நுனிகளை அறுத்துவிட்டுக் கப்பிகளை மாட்டினார். 1966-ல் உரிமைக்கு மனுச் செய்து 1969-ல் பெற்றார். அதுதான் காம்பவுண்டு வில். 70 ராத்தல் பலத்தோடு இழுக்க வேண்டிய வில், முழுவதும் இழுத்த பிறகு, இன்றைய அமைப்பில் கையில் 14 ராத்தலாகக்கூடக் குறைந்துவிடும். நிதானமாகக் குறி பார்க்கலாம். ஆனால் ஒரு சங்கடம். பழைய வில்லை நம் கை போகிற மட்டும் இழுத்துக்கொள்ளலாம். இதிலோ சக்கரம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் நாணும் நிற்கும். யந்திரம் வந்ததால் அளவு எடுப்பவர் தேவையில்லாமல் போகவில்லை; முன்னைவிட அதிகமாகத் தேவைப்பட்டார்.

அன்று கடைக்காரர் சக்கரத்துத் திருகைத் தளர்த்தி, ஏதோ சின்னத் துண்டு ஒன்றை மாற்றி முடுக்கினார். தச்சரைக் கடையின் பின்கட்டுக்கு அழைத்துப் போய்ப் பத்து அம்பு எய்யச் சொன்னார். ஏழாவது அம்பு குறியில் தைத்தது. கூலியாக அவர் வாங்கிய தொகை சொற்பந்தான்.

"வேறு எங்கேயோ வாங்கி வந்த வில்லுக்கு இவ்வளவு சிரமப்படுகிறீர்களே, வருத்தமாக இல்லையா?" என்று கேட்டேன்.

"வருத்தம் இல்லாமல் என்ன? இந்தக் கடையை எத்தனை நாள் நடத்துவேனோ தெரியவில்லை. ஆனால் அளவு பிசகிய வில் மானைக் கொல்லாது. குத்துயிராக ஓட விடும். அது எந்தப் புதரில் கிடந்து சாகிறதோ, யாருக்குத் தெரியும்? வில் எங்கே வாங்கினதானாலும், அம்பு போவது எங்கள் காட்டுக்குள்தானே!" என்றார்.

தச்சர் ஒன்றும் பேசவில்லை. புறப்படும்போது ஒரு டஜன் அம்பு வாங்கினார். விலை கேட்கவில்லை.